பிரவுசர் ஓட்டையும் சித்தன்னவாசல் வீடும்

போன வருடம் பொறியியல் கலந்தாய்வு நடந்துகொண்டிருந்த சமயம். அறந்தாங்கியில் எங்கள் வீட்டு முன்னறையில் நான் தையல் மெஷின் முன்னாலும், என் மகள் லேப்டாப் முன்னாலும் உட்கார்ந்திருந்தோம். எந்தெந்தக் கல்லூரி வேண்டும் என்று வரிசைப்படுத்தி அன்று மாலைக்குள் 'லாக்' செய்து உறுதிப்படுத்திவிட வேண்டும். தவறினால் அந்தச் சுற்றில் சீட் கிடையாது. என் கணவர் மஸ்கட்டில் வண்டி ஓட்டுகிறார். எங்கள் இரண்டு பக்கத்திலும் இஞ்சினியருக்குப் படிக்கப் போகிற முதல் ஆள் இவள்தான். அதனால் காலையிலிருந்தே நிமிடத்துக்கு ஒருமுறை 'ஆச்சா?' என்று அவளைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"அம்மா, பிரவுசர்ல ஓட்டையாம்" என்றாள்.

மெஷின் ஓடுகிற சத்தத்தில் எனக்கு டவுசர் என்றுதான் காதில் விழுந்தது. "உங்கப்பா டவுசரா? கொண்டா, தச்சுத் தாரேன்" என்றேன்.

விழுந்து விழுந்து சிரித்துவிட்டு விளக்கினாள். இன்டர்நெட்டில் எதைப் பார்ப்பதானாலும் பிரவுசர் என்ற ஒன்றைத் திறந்துதான் பார்க்க வேண்டுமாம். அவள் வைத்திருந்த பிரவுசரில் ஏதோ பாதுகாப்புக் குறையைக் கண்டுபிடித்திருக்கிறார்களாம். அது வழியாகத் திருடர்கள் உள்ளே நுழையலாம், உடனே 'அப்டேட்' செய்யுங்கள் என்று திரையின் மூலையில் இங்கிலீஷில் ஓர் அறிவிப்பு நின்றது.

எனக்குத் திக்கென்றது. "அப்ப அந்தக் கருமத்தை மூடு. வேற பிரவுசர் போடு. ஊர்ல இது ஒண்ணுதானா இருக்கு?" என்று பெரிய மேதாவியாக யோசனை சொன்னது நான்தான்.

அங்கேதான் சனியன் பிடித்தது. வேறு பிரவுசரைத் தேடியதும், ஏற்கெனவே இருந்த பிரவுசர் குறுக்கே வந்து நின்றது. 'எங்கே போகிறீர்கள்? நானே வேகமானவன், நானே பாதுகாப்பானவன்' என்கிற அர்த்தத்தில் என்னமோ சொல்கிறது என்றாள் மகள். சரி என்று அடுத்ததன் பக்கத்துக்குப் போனால், 'அதை நம்பாதீர்கள், உங்களை வேவு பார்க்கும், என்னிடம் வாருங்கள்' என்கிறதாம் அது. எங்கள் பஸ் ஸ்டாண்டில் புதுக்கோட்டைக்குப் போகிற தனியார் பஸ் இரண்டு சேர்ந்தாற்போல் நின்றால், கண்டக்டர்கள் இருவரும் இப்படித்தான் ஆளை இழுப்பார்கள். பஸ்ஸாவது பரவாயில்லை, டயரைப் பார்த்தாவது ஏறலாம். இதில் எதைப் பார்த்து ஏறுவது?

அவசரத்தில் மகள் எதையோ அமுக்கினாள். திரை முழுக்கச் சிவப்பாகி, 'கீ கீ' என்று கத்த ஆரம்பித்தது. மூட முடியவில்லை. நடுவில் நல்ல தமிழில் எழுதியிருந்தது. உங்கள் பிரவுசரில் ஓட்டை உள்ளது, கணினியை அணைக்க வேண்டாம், உடனே அழையுங்கள் என்று ஒரு நம்பர்.

அதைப் பார்த்ததும் எனக்குப் பயம் போய் நிம்மதி வந்தது என்றால் நம்புவீர்களா? காலையிலிருந்து எல்லாம் இங்கிலீஷிலேயே மிரட்டிக்கொண்டிருக்க, இது ஒன்றுதான் எனக்குப் புரிகிறபடி பேசியது. மகள் வேண்டாம் என்று முனகினாள். நான் கேட்கவில்லை. என் போனை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, அழைத்துவிட்டேன்.

மணியான குரல். "சொல்லுங்கம்மா. பதறாதீங்கம்மா, நான் இருக்கேன்ல."

அந்த ஒரு வார்த்தைக்கு என் கண் கலங்கிவிட்டது. கலந்தாய்வு, மகள், மஸ்கட் என்று அவர் கேட்காததையெல்லாம் நானே கொட்டினேன். "ஐயோ, அப்ப ஒடனே சரி பண்ணணும்மா. யாராவது உள்ள புகுந்து பாப்பாவோட காலேஜை மாத்திட்டாங்கன்னா?" என்றார். போனில் ஓர் ஆப்பை இறக்கச் சொன்னார். இறங்கியதும் அதில் ஒரு நம்பர் வரும், அதைப் படித்துச் சொன்னால் போதும், மீதியை அவரே உள்ளே வந்து பார்த்துக்கொள்வாராம்.

எங்கள் வீட்டில் நெட் நகர்வதற்குள் விடிந்துவிடும். ஆப் மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது. உதவி செய்கிற மனிதரிடம் ஒரு வார்த்தை பேசாமல் எப்படி இருப்பது? புது ஆள் யாராக இருந்தாலும் ஊரைக் கேட்டுவிடுவேன். கடையிலும் பஸ்ஸிலும் நான் இப்படிக் கேட்கும்போதெல்லாம் என் மகள் கூச்சத்தில் நெளிவாள்.

"தம்பி எந்த ஊருங்க?"

"புதுக்கோட்டைதாம்மா."

எனக்கு ஒரே சந்தோஷம். "அட, நம்ம ஊரு! புதுக்கோட்டையில எங்கிட்டு?"

கொஞ்சம் யோசித்து, "சித்தன்னவாசல்மா" என்றார்.

"சித்தன்னவாசலா? எங்க நாத்தனாவைப் பக்கத்துல அன்னவாசல்லதான் குடுத்துருக்கு. மலைக்கு இங்கிட்டா அங்கிட்டா ஒங்க வீடு?"

"மலை மேலம்மா."

சித்தன்னவாசல் மலைமேல் குடியிருந்தவர்கள் சமண முனிவர்கள்தான். அவர்கள் போய் எத்தனையோ நூறு வருடம் ஆகிறது. இப்போது டிக்கெட் வாங்கிக்கொண்டு ஏறிப் பார்த்துவிட்டு இறங்கத்தான் முடியும். சத்தியமாக நான் சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை, ஆச்சரியப்பட்டுத்தான் கேட்டேன்: "மலை மேல வீடு கட்ட யாரு தம்பி விட்டா?"

அப்புறம் வந்த குரலில் 'அம்மா'வும் இல்லை, 'ங்க'வும் இல்லை.

"இப்ப அதுவா முக்கியம்? நம்பர் வந்துருச்சா? சொல்லு."

நம்பர் அப்போது வந்தேவிட்டது. நான் மூக்குக்கண்ணாடியைப் போட்டு வாயைத் திறந்துவிட்டேன். மகள் பாய்ந்து போனைப் பிடுங்கி அணைத்தாள். லேப்டாப் மட்டும் கத்திக்கொண்டே இருந்தது.

பிறகு அவளே அதை அமுக்கி அணைத்து, மறுபடி உயிர் கொடுத்தாள். போனில் இறக்கிய ஆப்பைத் தூக்கி எறிந்தாள். யாருடைய பக்கத்துக்கும் போகாமல், பழைய பிரவுசருக்கு உள்ளேயே இருந்த அமைப்பில் அப்டேட்டைக் கொடுத்தாள். கொஞ்ச நேரத்தில் முடிந்துவிட்டது. கலந்தாய்வுத் தளத்தைத் திறந்து லாக் செய்து முடிக்கும்வரை நான் ஜெபமாலையை விடவில்லை.

"அப்ப அந்த இன்னொரு பிரவுசருதான் நல்லதா?" என்று கேட்டேன்.

"அதுலயும் இதே ஓட்டைதாம்மா. ரெண்டுக்கும் உள்ள ஓடுற இஞ்சின் ஒண்ணுதான்."

"பெறகு எதுக்குடி அந்தச் சண்டை போட்டுச்சுக?"

இரவு கணவரிடம் சொன்னபோது, முதலில் என்னைத் திட்டினார், பிறகு சிரித்தார். என்ன நடந்தது என்று கடைசிவரை அவருக்கும் சரியாக விளங்கவில்லை.

மகள் இப்போது திருச்சிப் பக்கம் படிக்கிறாள். ஆசைப்பட்ட கம்ப்யூட்டர் பிரிவே கிடைத்தது. என்னைக் காப்பாற்றியது என் கெட்டிக்காரத்தனம் என்று உறவுக்காரர்கள் சொல்லும்போது எனக்குச் சங்கடமாக இருக்கும். கெட்டிக்காரத்தனம் ஏது? வெறும் பேச்சு ஆசை. அன்றைக்கு உண்மையைச் சொன்ன எச்சரிக்கை எனக்குப் புரியாத மொழியில் ஒரு மூலையில் நின்றது. பதறாதீங்கம்மா என்று எனக்குப் புரிகிற தமிழில் சொன்னது திருடன் ஒருவன்தான். அதுதான் இன்னும் மனசை அறுக்கிறது. பஸ்ஸில் பக்கத்தில் வந்து உட்காருகிறவரிடம் இப்போதும் ஊரைக் கேட்கத்தான் செய்கிறேன். ஆனால் பிரியத்தில் கேட்கிறேனா, ஆளைச் சோதித்துப் பார்க்கக் கேட்கிறேனா என்பதுதான் எனக்கே தெரியவில்லை.