நான்கு நிமிடம் இருபது நொடி

வங்காளத்து சால்ட் லேக்கில் ஒரு கம்பெனியின் சர்வர்களைப் பார்த்துக்கொண்டிருந்த ஃபிராங்க்ளினுக்கு நாற்பத்தாறு வயது. நாகர்கோவிலிலிருந்து வந்து பதினொரு வருஷம் ஆகியிருந்தது. மூன்று வாரமாக மேனேஜர் கிரிதர் அவரை எல்லார் முன்னாலும் திட்டிக்கொண்டிருந்தார்.

இரண்டு சர்வர்களுக்குள் ஓடிய விர்ச்சுவல் மெஷின்கள் மல்டிகாஸ்டில் பேசிக்கொள்பவை. ஒன்று அனுப்பினால், பெயர் கொடுத்திருக்கும் எல்லாவற்றுக்கும் போய்ச் சேரும். ஆனால் தொடங்கிய நான்கு நிமிடம் இருபது நொடியில் எல்லாம் நின்றுவிடும். மீட்டிங்கில் கிரிதர் வங்காளத்தில் ஏதாவது சொல்வார், மற்றவர்கள் சிரிப்பார்கள். ஃபிராங்க்ளினுக்கு அந்த அளவு வங்காளம் புரியும்.

ஒரு மத்தியானம், பக்கத்து சீட் சாய்பிரியாவையும் வைத்துக்கொண்டு பாக்கெட்டுகள் எதுவரை வருகின்றன என்று பார்த்தார். சர்வரின் நெட்வொர்க் கார்டு வரை வந்தன. உள்ளே இருந்த மெஷினுக்குப் போகவில்லை. நடுவில் இரண்டையும் இணைக்கும் பிரிட்ஜ் என்ற மென்பொருள் நிறுத்திவிட்டது. யாருக்கு இன்னும் வேண்டும் என்று மெயின் சுவிட்ச் அவ்வப்போது விசாரிக்காவிட்டால், பிரிட்ஜ் தன் பட்டியலிலிருந்து பெயர்களை அடித்துவிடும். சுவிட்சில் அந்த விசாரிப்பை யாரோ அணைத்திருந்தார்கள். யார் எதை மாற்றினார்கள் என்று பதிவாகும் லாகைத் திறந்தார்கள். கிரிதரின் பெயர் இருந்தது.

மீட்டிங்கில் சொல்லி அவரை அசிங்கப்படுத்த ஃபிராங்க்ளினுக்கு மனம் வரவில்லை. தனியாக அவர் அறைக்குப் போய்ச் சொன்னார்.

"யாருக்காவது மெயில் போட்டீங்களா?" என்றார் கிரிதர்.

"இல்ல சார். முதல்ல உங்ககிட்ட சொல்லலாம்னு."

கிரிதர் அவருக்கு டீ வரவழைத்தார்.

மறுநாள் காலை எல்லாம் ஒழுங்காக ஓடியது. லாகில் இருந்த கிரிதரின் பெயர் மறைந்திருந்தது. அந்த விசாரிப்பை அனுமதியில்லாமல் அணைத்தவர் ஃபிராங்க்ளின் என்று மேலிடத்துக்கு ரிப்போர்ட் போயிருந்தது. சாய்பிரியாவும் லாகைப் பார்த்தாள் என்று ஃபிராங்க்ளின் மேலிடத்தில் சொன்னதும் அவளைக் கூப்பிட்டார்கள். அவள் மேஜையைப் பார்த்தபடி நின்றாள்.

"நான் எதையும் பாக்கல சார்."

மத்தியானத்துக்குள் ஐடி கார்டை வாங்கிக்கொண்டார்கள். கிரிதர் வாசல் வரை வந்து, எல்லாருக்கும் கேட்கும்படி, "பாலோ தாக்பேன்" என்று நன்றாக இருக்கச் சொல்லி அனுப்பினார்.

டாக்குரியாவில் இருந்த வீட்டில் மனைவி பெனிட்டா முழுவதையும் கேட்டாள்.

"உண்மையச் சொல்லுங்க. நீங்கதான் அணைச்சீங்களோ?"

ஃபிராங்க்ளின் எழுந்து போய் முகம் கழுவினார்.

ஆறு மாதமாகிறது. போகிற இடமெல்லாம் பழைய கம்பெனியில் விசாரிக்கிறார்கள், பிறகு கூப்பிடுவதில்லை. வீட்டுக்கு வருகிறவர்களிடம், இவர் கைதவறி எதையோ அணைத்துவிட்டார் என்று பெனிட்டாவே சொல்லிவிடுகிறாள். அவர் மறுப்பதில்லை.