காலைப் படம் வராத நாள்

அண்ணன் காலமாகி ஓராண்டு நிறைகிறது. திடீர் மாரடைப்பு என்று உங்கள் எல்லாருக்கும் சொன்னோம். அது பொய்யல்ல, முழுச் செய்தியும் அல்ல. நாளிதழ் ஒன்றில் இரங்கல் பக்கத்தைப் பல ஆண்டுகள் பார்த்துக்கொண்டவள் நான். விடுபட்டதை இந்த நினைவு மலரில் எழுதுகிறேன்.

அண்ணன் மலேசியாவில் காப்பார் ஊருக்கு அருகே ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தார். அங்கே செய்திக்கு இரண்டு ஒலிகள் இருந்தன. காலையில் ஆள் கூப்பிடத் தண்டவாளத் துண்டில் அடிப்பார்கள், சாவுக்குத் தப்பு மேளம். தமிழ்நாட்டு ஊரிலிருந்து கடிதம் வந்தால் தோட்டத்து எழுத்தரான கிராணிதான் படித்துச் சொல்வார். அப்பா பாம்பு கடித்து இறந்தபோது, மற்றத் தோட்டங்களில் இருந்த உறவினருக்குச் சொல்லிவர அண்ணனைச் சைக்கிளில் அனுப்பினார்கள். பள்ளிக்கூடம் அதோடு நின்றது. அன்று முதல் எங்கள் குடும்பத்தில் சாவைச் சொல்லும் பொறுப்பு அவருடையதாயிற்று.

பிறகு தொலைபேசிக் கம்பி பதிக்கும் ஒப்பந்தக்காரரிடம் கூலியாகச் சேர்ந்தார். கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் தெருவுக்கு அடியில் இறங்கி வேலை செய்தார். குழிகளில் தேங்கிய தண்ணீரில் நின்று வந்த கால்புண் கடைசிவரை ஆறவில்லை. அந்தச் சம்பளத்தில்தான் நான் படித்தேன். ஆனால் அந்தக் கம்பிகள் வழியே அவர் ஒரு சாவையும் சொன்னதில்லை. அம்மா இறந்த அன்று, கிள்ளானிலிருந்து மோட்டார் சைக்கிளில் மழையோடு பிரிக்பீல்ட்ஸில் என் அலுவலக வாசலுக்கு வந்து நின்றார்.

"போன் பண்ணியிருக்கலாமே அண்ணே?" என்று கேட்டேன்.

"போன்ல சொன்னா நீ தனியா அழுவே. அதான் வந்தேன்."

அண்ணி காலமானார்கள். மகன் வேலைக்காக ஜோகூருக்குப் போனான். கிள்ளான் வீட்டில் அண்ணன் தனியாக இருந்தார். மகன் வாங்கிக் கொடுத்த கைபேசியில் எங்கள் குடும்பக் குழு இருந்தது. தினமும் விடியும் முன்பே ஒரு சாமி படமும் 'காலை வணக்கமும்' அதில் வரும்.

"அண்ணே, அஞ்சு மணிக்கே முருகன் வந்துடுறாரு லா. அவரையாச்சும் கொஞ்சம் தூங்க விடுங்க" என்று ஒருநாள் கிண்டல் செய்தேன்.

"முருகன் வந்தா நான் உயிரோட இருக்கேன்னு அர்த்தம். வரலன்னா வந்து பாரு" என்றார்.

சிரித்தேன். அந்த வாரமே குழுவின் ஒலியை அடைத்து வைத்தேன். மற்றவர்களும் அப்படியே செய்திருந்தார்கள் என்பது பிறகு தெரிந்தது.

அன்று காலை படம் வரவில்லை. யாரும் கவனிக்கவில்லை. பத்து மணிக்குச் சற்று முன் அவர் குழுவில் ஒரு குரல் பதிவு போட்டார். வேலை நேரத்தில் யாரையும் அழைத்துத் தொந்தரவு செய்யாதவர் அவர். குழுவில் நாங்கள் எல்லாரும் இருந்தோம்.

"யாராச்சும் இருக்கீங்களா... நெஞ்சு ஒரு மாதிரி இழுக்குது. ஆஸ்பத்திரிக்குக் காடி ஓட்டிப் போக முடியல லா. வேலையா இருப்பீங்க. பாத்துட்டுச் சொல்லுங்க."

ஒருவரும் திறந்து கேட்கவில்லை. நானும்தான். மதியம் அண்ணன் மகன் ஜோகூரிலிருந்து தொலைபேசியில் எனக்குச் செய்தி சொன்னான். வாசலில் யாரும் வந்து நிற்கவில்லை. தனியாகத்தான் அழுதேன். நான் மருத்துவமனைக்குப் போய்ச் சேர்வதற்குள் குழுவில் மலர்வளையப் படங்கள் வரிசையாக வந்திருந்தன. அவற்றுக்கு மேலே, கேட்கப்படாமல், அவர் குரல் கிடந்தது.

இறுதிச் சடங்கிலும் கருமாதியிலும் துணை நின்ற உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் எங்கள் நன்றி. இன்னும் ஒருவருக்கு நன்றி சொல்ல வேண்டும். அவர் பக்கத்து வீட்டுச் சீன ஆன்டி. ஆம்புலன்ஸை வரவழைத்து, அது வரும்வரை அண்ணன் தலையை மடியில் தாங்கியிருந்தவர். கருமாதி முடிந்து அவரைப் பார்க்கப் போனேன். உங்களுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். அண்ணன் வீட்டு இரும்புக் கதவைக் காட்டி மலாயில் சொன்னார்: "கெதோக், கெதோக். சாயா டெங்கார்." தட்டினார், தட்டினார், எனக்குக் கேட்டது.

பதில் வராத கைபேசியை வைத்துவிட்டு, அண்ணன் பூட்டை எடுத்துக் கதவில் அடித்திருக்கிறார்.

இந்த நினைவு மலரை உங்களில் யாருக்கும் கைபேசியில் அனுப்பப்போவதில்லை. ஒவ்வொரு வீடாக நானே கொண்டு வருகிறேன். தட்டும்போது திறங்கள்.