அக்கா கட்டிவிட்டுப் போன டோர்ச்

என் போனில் டோர்ச் பைத்தியங்களுக்கென்றே ஒரு குழு இருக்கிறது. சென்னை, கோலாலம்பூர், கொழும்பு, இன்னும் எங்கெங்கோ இருப்பவர்கள் அதில் உண்டு. மலைநாட்டு லுணுகலையிலிருந்து நான் ஒருவன்தான். போன அடைமழைக் காலத்தில் யாரோ அதில் ஒரு கேள்வியைப் போட்டுவிட்டார்கள். இன்றைக்கு நாம் வாங்கிக் குவிக்கும் எல்.ஈ.டி. டோர்ச்சுகளில், பல வருடம் கழித்தும் நினைவில் நிற்கப்போவது எது? அவ்வளவுதான், எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சாப்பிடும்போதும் அதே யோசனை, கடையில் ஆள் நிற்கும்போதும் அதே யோசனை.

பொதுவாகவே நான் ஓரிடத்தில் அடங்கி இருக்கிற ஆள் இல்லை. காலை ஆட்டாமல் எனக்கு உட்காரத் தெரியாது என்பாள் மனைவி. லுணுகலை பஜாரில் ஒரு மின்சாரச் சாமான் கடையில் வேலை. சாமான் எடுக்க அடிக்கடி பதுளைக்குப் போய் வருவேன். குடியிருப்பது தேயிலைத் தோட்டத்தில், ஆளுக்கு ஏழு பேர்ச் நிலத்தில் புதிதாகக் கட்டிக் கொடுத்த வீடுகளில் ஒன்று. அந்த வீட்டு அலமாரியின் மேல் இழுப்பறை, எங்கள் பேச்சில் லாச்சி, முழுக்க என் டோர்ச்சுகள். எதிர்மலையில் மேயும் மாட்டின் கொம்பு வரைக்கும் தெளிவாகக் காட்டும் பெரியது ஒன்று. விரல் நீளத்தில், பழைய குண்டு பல்பு மாதிரி மஞ்சளாக எரிகிற குட்டி ஒன்று. சிவப்பைச் சிவப்பாகவும் பச்சையைப் பச்சையாகவும் காட்டுகிற இன்னொன்று. இதைப் பற்றியெல்லாம் நான் பேச ஆரம்பித்தால் மனைவி எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள்.

எங்கள் குழுவில் எல்லோருக்கும் ஒரு பழக்கம் உண்டு. டோர்ச்சை உள்ளே வைக்கும்போது அதன் வால் மூடியைக் கொஞ்சம் தளர்த்திவிடுவோம். மூடி இறுக்கமாக இருந்தால், எரியாத நேரத்திலும் பெட்டரி துளித்துளியாக இறங்கும். தளர்த்திவிட்டால் இறங்காது. ஆனால் மூடியை முறுக்காமல் பொத்தானை எத்தனை தடவை அமுக்கினாலும் விளக்கு வராது. ஒரு தடவை கரண்ட் போனபோது மனைவி ஒவ்வொன்றாக எடுத்து அமுக்கிப் பார்த்துவிட்டு, "லாச்சி நெறைய டோர்ச்சு, அவசரத்துக்கு ஒண்ணும் எரியாது. குப்பி விளக்கே தேவல" என்று தீப்பெட்டி தேடிப் போனாள். மூடியை முறுக்கவேண்டும் என்று அப்போது அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கலாம். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

எங்கள் வீட்டுக்கு நேர் எதிரே, ஓடைக்கு அந்தப் பக்கத்துச் சரிவில், தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான பழைய லயம். அங்கே ஒற்றை அறைக் காம்பரா ஒன்றில் அக்கா தனியாக இருந்தாள். அத்தான் போய்ச் சேர்ந்துவிட்டார், பிள்ளைகள் கொழும்பில். அவளுக்குத் துணை ஒரு பசு மாடு. லயத்துக்கு மேலே மலையில் நிலம் வெடித்திருக்கிறது, மழை வலுத்தால் எல்லோரும் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட வேண்டும் என்று அதிகாரிகள் வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். எங்களோடு வந்து இரு என்று நானும் கெஞ்சிப் பார்த்தேன், கத்தியும் பார்த்தேன்.

"மாட்ட எங்கடா கட்டுறது? ஒன் லாச்சியிலயா?" என்று கேட்டாள்.

அந்த லயத்தில் போன் எடுக்காது. அதனால் எங்களுக்குள் ஒரு ஏற்பாடு. மாட்டைக் கட்டி, சாப்பிட்டு முடித்ததும், அக்கா வாசல் திண்ணையான இஸ்தோப்பில் நின்று என் வீட்டைப் பார்த்து டோர்ச்சை இரண்டு தடவை மின்னுவாள். நல்லா இருக்கேன் என்று அர்த்தம். நானும் இரண்டு தடவை மின்னுவேன். தோட்டத்தில் இது புதுசு இல்லை. இருட்டில் ஓடையைத் தாண்டிப் போகிறவர்கள் வீடு சேர்ந்ததும் இந்தப் பக்கம் பார்த்து இப்படித்தான் காட்டுவார்கள். எங்கள் பாஷையில் இருந்தது அந்த ஒரே ஒரு சொல்தான்.

அவள் காட்டியதோ எங்கள் கடை வாசலில் சரம் சரமாகத் தொங்குகிற பிளாஸ்டிக் டோர்ச். பின்பக்கத்துக் கம்பியை இழுத்து நேராகச் சுவரில் சொருகி சார்ஜ் போடுவது. கம்பெனிப் பெயர்கூடக் கிடையாது. அதைப் பார்த்தாலே எனக்கு எரிச்சலாக வரும். நல்லதாக ஒன்று வாங்கிக் கொடுத்தேன். ஒரே வாரத்தில் திருப்பிக் கொண்டுவந்துவிட்டாள். "கண்ணக் குத்துது தம்பி. மாடும் மெரளுது."

அன்றைக்கு மழை காலையிலேயே பிடித்துவிட்டது. மத்தியானத்தோடு கடையைப் பூட்டிவிட்டார்கள். கரண்ட் இல்லை, போனில் ஒரு கோடுகூட இல்லை. நான் லாச்சியைத் திறந்துவைத்துக்கொண்டு, குழுவின் கேள்விக்கு விடை தேடுவதாக ஒவ்வொரு டோர்ச்சாகத் துடைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இருட்டியதும் எதிர்ச்சரிவில் அக்காவின் வெளிச்சம் வந்தது. வந்தது, ஆனால் மின்னவில்லை. ஒரே நிலையாக எரிந்தது.

மாட்டைப் பார்க்கப் பின்பக்கம் போயிருப்பாள், டோர்ச்சைத் திண்டில் வைத்திருப்பாள் என்று நினைத்தேன். நான் இரண்டு தடவை மின்னினேன். பதில் இல்லை. இஸ்தோப்புக்கும் அறைக்குமாக நடந்தேன். மறுபடி மின்னினேன். அது அசையாமல் அப்படியே எரிந்தது. சார்ஜை இப்படி வீணாக்குகிற ஆள் இல்லை அக்கா. விழுந்து கிடக்கிறாள், கையிலிருந்து டோர்ச் உருண்டு இந்தப் பக்கம் பார்த்துக் கிடக்கிறது என்று என் மனசு முடிவே கட்டிவிட்டது. பெரிய டோர்ச்சை அடித்துப் பார்த்தேன். நடுவில் பனிமூட்டம். வெளிச்சம் அதில் மோதித் திரும்பி என் கண்ணையே கூச வைத்தது. மாட்டின் கொம்பைக் காட்டுகிற டோர்ச் அன்றைக்கு மழையைத்தான் காட்டியது.

"நான் போய்ப் பாத்துட்டு வாரேன்" என்றேன்.

மனைவி தடுக்கவில்லை. "போய்ச் சேந்ததும் ரெண்டு தடவ காட்டுங்க. நான் இங்கனயே நிக்கிறேன்" என்றாள்.

ஓடைப் பாலத்தில் தண்ணீர் முழங்காலைத் தொட்டது. தேயிலைக்குள் குறுக்கே ஏறி லயத்துக்குப் போனேன். காம்பராக்கள் எல்லாம் பூட்டிக் கிடந்தன. அக்காவின் கதவிலும் பூட்டு. இஸ்தோப்புத் தூணில், பழைய சேலைக் கிழிசலால் இறுக்கிக் கட்டிய பிளாஸ்டிக் டோர்ச் என் வீட்டைப் பார்த்து எரிந்துகொண்டிருந்தது. மாடும் இல்லை, அதன் கயிறும் இல்லை. எல்லோரும் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டார்கள் என்று அப்போதுதான் புரிந்தது. சந்தோஷத்தில் சத்தமாகவே சிரித்துவிட்டேன். திரும்பி நின்று, கையிலிருந்த பெரிய டோர்ச்சால் வீட்டைப் பார்த்து இரண்டு தடவை மின்னினேன். வந்து சேர்ந்துவிட்டேன், பயமில்லை.

பிறகுதான் மேலே அந்தச் சத்தம் கேட்டது. மழைச் சத்தம் இல்லை, மரத்தின் வேர் அறுகிற சத்தம். காலடியில் ஓடிய தண்ணீர் குழம்பாகியிருந்தது. அக்காவின் டோர்ச்சை அவிழ்க்கப் பார்த்தேன். நனைந்த முடிச்சு அசையவே இல்லை. விட்டுவிட்டு லொறிப் பாதையில் ஓடினேன்.

பள்ளிக்கூடம் அதே மலையில் நீட்டிக்கொண்டிருக்கும் மறு மூக்கில், பாறை மேல் இருக்கிறது. விறாந்தையில் மாட்டைக் கட்டியதற்காகப் பள்ளிக்கூட அதிபரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள் அக்கா. என்னைக் கண்டதும் சண்டையை என் பக்கம் திருப்பினாள்.

"நீ ஏன்டா வந்த? நீ வந்துறக் கூடாதுன்னுதானே வெளக்கக் கட்டிட்டு வந்தேன்! இருட்டுல முன்னால போறவ தோளப் புடிச்சுக்கிட்டு வந்துருக்கேன்."

"மின்னாம ஒரேயடியா எரிஞ்சா நான் என்னன்னு நெனக்கிறது?"

"எரியுதேன்னு நெனச்சுத் தூங்க வேண்டியதுதானே!"

நான் வாயைத் திறப்பதற்குள் மலை இறங்கியது. அந்தச் சத்தத்தைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. நின்ற தரை காலுக்கடியில் நடுங்கியது. முற்றத்துக்கு ஓடிவந்து பார்த்தோம். மூட்டம் விலகிக்கொண்டிருந்தது. கீழே லயம் இருந்த இடத்தில் ஒரே இருட்டு. அக்காவின் வெளிச்சம் இல்லை. பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்கள். பக்கத்தில் நின்றவர் எல்லோரையும் எண்ணினார். யாரும் குறையவில்லை.

எனக்கு மட்டும் வேறொரு கணக்கு ஓடியது. மனைவி இஸ்தோப்பில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறாள். லயத்தில் நிற்கிறேன் என்று நானே அவளுக்குச் சொல்லியிருக்கிறேன். அதே லயத்து வெளிச்சம் அவள் கண் முன்னாலேயே அணைந்திருக்கிறது.

முற்றத்து ஓரத்தில் நின்று பெரிய டோர்ச்சை வீட்டுப் பக்கம் நீட்டி இரண்டு தடவை மின்னினேன். ஒன்றும் இல்லை. மறுபடி. ஒன்றும் இல்லை. மூட்டம் போய்விட்டது, இந்த வெளிச்சம் தெரியாமல் இருக்க வழியே இல்லை. அவள் பதில் காட்டவில்லை என்றால், அவள் அங்கே இல்லை. அங்கே இல்லை என்றால், என்னைத் தேடி இறங்கிவிட்டாள். ஓடைக்கு. மண் இன்னும் வழிந்துகொண்டிருக்கிற அந்த ஓடைக்கு. சும்மா உட்கார்ந்து அழுகிற ஆள் இல்லை அவள். எனக்குத் தெரியும்.

நான் வந்த வழியே இறங்க ஆரம்பித்தேன். அக்கா ஓடிவந்து சட்டைக் கொலரைப் பிடித்தாள். நான் உதறினேன். அவள் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டாள். "என்னயக் கொன்னுட்டுப் போ" என்றாள். சட்டை கிழிந்தது. பெரிய மனுஷன் என்ற வெட்கமெல்லாம் இல்லாமல் அழுதேன்.

அப்போது எதிர்மலையில் ஒரு புள்ளி. மஞ்சளாக. என் விரல் நீளக் குட்டி டோர்ச், எந்த இருட்டிலும் எனக்கு அந்த நிறம் தெரியும். இரண்டு தடவை மின்னியது. நான் திருப்பி மின்னினேன். பிறகு அதன் பக்கத்தில் வெள்ளையாக ஒன்று வந்தது. அப்புறம் இலேசான பச்சையோடு ஒன்று. இஸ்தோப்புச் சுவரில் வரிசையாக ஒவ்வொன்றும் பற்றிக்கொண்டே போனது. என் லாச்சி முழுவதும் அந்தச் சுவரில் எரிந்தது. அக்கா சேற்றிலிருந்து எழும்பாமலே, "இவளுக்கு என்னடா ஆச்சு?" என்று கேட்டாள்.

காலையில் மெயின் றோட்டைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். டோர்ச்சுகள் சுவரிலேயே இருந்தன, பெட்டரி தீர்ந்து. மனைவி என் கிழிந்த சட்டையைப் பார்த்தாள், முகத்தைப் பார்க்கவில்லை.

"பள்ளிக்கூடத்துலருந்து மொதத் தடவ காட்டுனதே தெரிஞ்சுச்சு. பதில் காட்டலாம்னு எடுத்தா இந்தச் சனியன் ஒண்ணும் எரியல. ஒவ்வொண்ணா அமுக்குறேன், எரியல. பதில் வராட்டி நீங்க திரும்பி ஓடி வருவீங்கன்னு எனக்குத் தெரியாதா? ஆத்தரத்துல ஒண்ணப் புடிச்சு முறுக்குனேன், எரிஞ்சிருச்சு. அப்புறம் எல்லாத்தையும் முறுக்குனேன்." அதைச் சொல்லி முடித்த பிறகுதான் அவள் அழுதாள். அன்று முழுக்க அவள் பக்கத்தை விட்டு நான் நகரவில்லை. ஆனாலும் காலை ஆட்டிக்கொண்டுதான் இருந்தேன்.

அக்கா இப்போது எங்களோடு இருக்கிறாள். மாட்டுக்கு வீட்டுப் பின்னால் ஒரு தகரக் கொட்டில் போட்டிருக்கிறேன். லாச்சியில் எந்த மூடியும் தளர்வாக இல்லை. பெட்டரி இறங்கினால் இறங்கட்டும்.

போன் வேலை செய்ய ஆரம்பித்ததும் குழுவுக்குப் பதில் எழுதினேன். பெயரில்லாத பிளாஸ்டிக் டோர்ச், சுவரில் சொருகி சார்ஜ் போடுவது, எங்கள் கடை வாசலில் தொங்குகிறது. நிறையப் பேர் சிரிக்கிற படம் போட்டார்கள். கோலாலம்பூர்க்காரர் ஒருவர் மட்டும் அக்கறையாகக் கேட்டார், முழுதாகச் சார்ஜ் ஏற்றினால் அது எவ்வளவு நேரம் எரியும் என்று. தெரியாது, மலை அதன் மேல் விழும்போதும் எரிந்துகொண்டுதான் இருந்தது என்று எழுதினேன்.