கோவளத்திலிருந்து கிழக்குத் தாம்பரத்துக்கு, தேய்ந்த கிராஸுடன்

லோடு வண்டியில் மூன்று பேர்: ஓட்டியவர் மாமா, நடுவில் அவர் மனைவியான என் அக்கா, கதவோரம் நான். வராதவர் அப்பா, விடியுமுன்னே கடலுக்குப் போய்விட்டார். பின்னால் ஐஸ் பெட்டிகளில் நாற்பது கிலோ வஞ்சிரம், கிலோ தொள்ளாயிரம் என்று பேச்சு. கிழக்குத் தாம்பரத்தில் ஒரு டீச்சரம்மா வீட்டு நிச்சயதார்த்தம். ஒன்பது மணிக்குள் மீன் போய்ச் சேர வேண்டும். இது ஒழுங்காக நடந்தால் அடுத்த மாதக் கல்யாணத்துக்கும் அக்காதான். கூடை தூக்கி விற்றவளுக்கு முதல் பெரிய ஆர்டர்.

காலை ஆறு மணிக்குக் கோவளத்தை விட்டோம். கேளம்பாக்கம் வருவதற்குள் அடியில் 'டக் டக்'.

"மாமா, இன்னா சத்தம்?"

"மணல் மாட்டிக்கினு இருக்கும். நீ சும்மா வா."

மணல் இல்லை. எஞ்சினின் சுழற்சியைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோகும் நீண்ட ஷாஃப்டில், மூட்டாக இருக்கும் கிராஸ் தேய்ந்திருந்தது. மாமா இந்த வண்டியில் கயிறு கட்டித்தான் படகுகளைக் கரையேற்றுவார். உப்புத் தண்ணீர் கிரீஸைத் தின்றுவிட்டது. வண்டலூர் மேம்பாலத்தில் சத்தம் இடியானது. ஊர்ந்தபடி முடிச்சூர் சாலையில் ஒரு மெக்கானிக்கிடம் சேர்ந்தபோது ஏழரை.

அவர் வண்டிக்கு அடியில் இருந்த குழியில் இறங்கி ஷாஃப்டை இரண்டு துண்டாகக் கழற்றினார். திரும்ப அதே நேரில் சேர்ப்பதற்காக இரண்டிலும் மஞ்சள் பெயிண்டால் கோடு போட்டார். "கிராஸு துருப் புடிச்சிகீது. சுத்தியலுக்கு வராது. திருமுடிவாக்கத்துல பிரஸ் மிஷின் வச்சு அத்தத் தள்ளி எடுத்து, புதுசு போட்டுகினு வா."

முகூர்த்த நாள், ஒரு லோடு வண்டியும் காலியில்லை. மீனையாவது அனுப்பலாம் என்று ஆட்டோக்காரரிடம் கெஞ்சினேன்.

"மீனா? நாளைக்கு என் வண்டில பூனைதான் சார் ஏறும்."

ஷாஃப்டுக்கு மட்டும் சம்மதித்தார். போகவர தொள்ளாயிரம் ரூபாய். அக்கா மீனுக்குக் காவல். திருமுடிவாக்கத்தில் பட்டறைகள் திறக்கவே ஒன்பதாகிவிட்டது. புது கிராஸ் எழுநூறு, பிரஸ் கூலி முந்நூறு. நான் காசு கொடுத்துத் திரும்புவதற்குள் மாமா பெட்டிக்கடையில் மஞ்சள் வாங்கிக் குழைத்து ஷாஃப்ட் முழுக்கப் பூசிக்கொண்டிருந்தார். "புது இரும்பு. சும்மா மாட்டக்கூடாது." சாமி காரியம் என்று நானும் விட்டுவிட்டேன்.

பத்தரைக்குத் திரும்பினோம். மெக்கானிக் அவசரத்தில் மஞ்சளுக்கு நேர் மஞ்சளை வைத்து மாட்டிவிட்டார். இருநூறு அடி போவதற்குள் வண்டி மலேரியாக்காரன் மாதிரி உதறியது. திரும்ப அதே கடை, திரும்ப அதே குழி.

"யாருய்யா இதுல மஞ்சள் பூசினது?"

"பூசாம எப்படி மாட்டுவாங்க?" என்றார் மாமா.

"ஷாஃப்டுக்கா நலங்கு?" என்று மெக்கானிக் கத்தினார். மண்ணெண்ணெயில் துடைத்து, கோட்டைத் தேடி, மறுபடி மாட்டினார். கூலி எண்ணூறு.

டீச்சரம்மா வீட்டை அடைந்தபோது பன்னிரண்டு அடிக்கப் பத்து நிமிடம். அங்கே சிக்கன் கொதித்துக்கொண்டிருந்தது. அந்த அம்மா கோபப்படவில்லை; பாதி மீனை, இருபது கிலோவை, பேசிய விலைக்கே வறுக்க எடுத்துக்கொண்டார். மீதி இருபதை அக்கா ரயில்வே ஸ்டேஷன் பக்கம் கிலோ ஐந்நூறுக்குக் கூவி விற்றாள்.

அதற்கு முன், வாசலில் நின்று கேட்டிருந்தாள்: "கல்யாணத்துக்கு மீன் கொண்டாரட்டுமாம்மா?"

"பார்க்கலாம்மா."

கோவளத்தில் கடலையும் காற்றையும் பார்த்து நாளைக்கு மீன் உண்டா இல்லையா என்று சொல்லிவிடலாம். தாம்பரத்து 'பார்க்கலாம்' அப்படியல்ல. அந்தக் கல்யாண ஆர்டரைக் கணக்கில் விட்டுவிட்டால், ரிப்பேருக்கு இரண்டாயிரத்து எழுநூறு, மீனில் விட்டது எட்டாயிரம்: எங்களுக்கு ஆனது பத்தாயிரத்து எழுநூறு ரூபாய்.