செம்புக்கு கிளப் தெரியாது

என் தங்கச்சி கெமிஸ்ட்ரி படிச்சிட்டு மருந்துக்கடையில மாத்திரை எடுத்துக் கொடுத்துக்கிட்டிருந்தவ. அவளை டீச்சராக்கினது ஒரு கால்பந்து கிளப்போட அறக்கட்டளை. வாத்தியார் கிடைக்காத பள்ளிக்கூடங்களுக்கு ஆள் பிடிச்சு, பயிற்சிக்கும் சம்பளத்துக்கும் அவங்களே நிதி கொடுக்கிறாங்க. நல்ல காரியம்தான், நான் இல்லைன்னு சொல்லல. ஆனா புத்தி பந்தை விட்டு வெளிய வந்தாத்தானே? கெமிஸ்ட்ரி டீச்சருக்கு முதல்ல அனுப்பினது ஒரு விசிலும் கிளப்போட சிவப்பு ஜெர்சியும்! பிள்ளைங்க அன்னிக்கே "விசில் டீச்சர்"னு பேர் வச்சிட்டாங்க.

வருஷக் கடைசியில அறக்கட்டளை அம்மா போட்டோக்காரரோட வந்தாங்க. அடுத்த வருஷ நிதி அவங்க கையில. அது போனா இவ வேலையும் போச்சு, பிள்ளைங்களுக்கு மறுபடியும் கெமிஸ்ட்ரிக்கு ஆளில்ல. ஹெட்மாஸ்டர் காலையிலேயே, "கொஞ்சம் அனுசரிச்சுப் போங்கம்மா"ன்னு கெஞ்சியிருக்கார். அனுசரிக்கிறதா? இவளா? நல்லா சொன்னார் போங்க!

"எல்லாரும் கிரவுண்டுக்கு வாங்க, பந்தோட ஒரு படம்"னாங்க அந்த அம்மா.

"நாளைக்கு ப்ராக்டிகல் பரீட்சை. படம் வேணும்னா லேப்ல எடுங்க"ன்னா இவ.

மூஞ்சியை உர்ருன்னு வச்சுக்கிட்டு வந்தாங்க. அங்க ஒரு பொண்ணு, தனக்குக் கொடுத்த உப்பு என்னன்னு கண்டுபிடிக்க அதைத் தீயில காட்டிட்டு இருந்தா. தீ பச்சையா எரிஞ்சது.

"ஐயோ, பச்சை எதிரி டீம் கலராச்சே! சிவப்பா எரியற உப்பு இல்லையா?"

"இருக்கு. ஆனா அவளுக்கு வந்தது செம்பு உப்பு. மாத்த மாட்டேன்."

"கமிட்டியில நான் என்னன்னு சொல்றது?"

"செம்புக்கு கிளப் தெரியாதுன்னு சொல்லுங்க."

அந்தப் பொண்ணு பயந்து தீயை அணைக்கப் போயிருக்கா. "நீ பாட்டுக்கு செய்டி. என்ன கலர் வந்துச்சோ அதை எழுது"ன்னாளாம் இவ.

வீட்டுக்கு வந்ததும் நான் திட்டித் தீர்த்தேன். "வாயை வச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டியா? திரும்ப மருந்துக்கடையில போய் நிக்கப் போறியா?"

"நின்னா நிக்கிறேன்க்கா."

எனக்கு உள்ளுக்குள்ள பெருமையாத்தான் இருந்துச்சு, காட்டிக்கல.

நிதி வந்துச்சு. கிளப் பத்திரிகையில லேப் படமும் வந்துச்சு. மத்த படமெல்லாம் கலர்ல, இது மட்டும் கருப்பு வெள்ளையில! எனக்கு வந்தது பாருங்க கோபம். பச்சை ஸ்கெட்ச் எடுத்து அந்தத் தீக்கு நானே கலர் அடிச்சேன். இப்ப அது லேப் கதவுல ஒட்டியிருக்கு. அந்த அம்மா இந்த வருஷமும் வருவாங்களாம். வரட்டும், பார்க்கட்டும்.