கொழுந்து இல்லாத மலை

கொட்டகலைக்கு அப்பால் நாங்கள் பிறந்த தேயிலைத் தோட்டத்தில் அக்கா இன்னும் கொழுந்து பறிக்கிறாள். நான் படித்து, மண்சரிவு ஆபத்தைப் பார்த்து அறிக்கை எழுதும் வேலைக்குப் போனேன். போன மழையில் அக்கா குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் மண்மேடு பிளந்து வெடிப்பு விட்டது. லயத்து ஆட்களுக்கு வீடு கட்டத் தோட்டத்திலேயே ஓர் இடம் பேசினார்கள். அந்த இடம் சரியா என்று சொல்லும் வேலை, என் கெட்ட நேரம், என்னிடமே வந்து சேர்ந்தது.

பார்க்க நல்ல இடம்தான். சமதரை, பக்கத்தில் வற்றாத ஊற்று, அடர்ந்த தேயிலை. வாசல் எந்தப் பக்கம் என்பதுவரை அக்கா முடிவு செய்திருந்தாள். ஆனால் நிலவியல் வரைபடம் வேறு சொன்னது. அந்தச் சமதரை முழுக்க எந்தக் காலத்திலோ மேலிருந்து சரிந்து வந்து தங்கிய மண்ணும் கல்லும். நேரில் போனால் தேயிலை நிரைகள் நடுவில் கீழ்நோக்கி வளைந்து நின்றன. மண் இன்னும் நகர்கிறது. ‘பொருத்தமில்லை’ என்று எழுதிக் கொடுத்தேன். சரியாகச் செய்துவிட்டேன் என்ற திமிரும் கொஞ்சம் இருந்தது.

அக்கா தேத்தண்ணிக் கோப்பையை என் முன்னால் டங்கென்று வைத்தாள்.

“வேணாம்னு எழுத ஒனக்கு ஒரு நாளு போதும். மழ பேஞ்சா நாங்க எங்க போறது?”

“உசுரு முக்கியம்க்கா.”

“இங்க இருந்தா மட்டும் உசுரு தங்குமா? ஏட்டுச் சுரைக்கா கறிக்கு ஒதவாது புள்ள.”

கோபத்தில் தேத்தண்ணியைக் குடிக்காமலே கிளம்பினேன். பஸ் வட்டவளை ஊரைத் தாண்டும்போதுதான் உறைத்தது. எங்கே கட்டக் கூடாது என்று பார்த்தேனே தவிர, எங்கே கட்டலாம் என்று அதே வரைபடத்தில் தேடவே இல்லை. வெட்கமாக இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரைபடத்தை அவள் வீட்டுத் தரையில் விரித்தேன். ஊற்றுக்கு எதிர்ப்பக்கம் ஒரு மேடு. அங்கே பாறை மேலாகவே கிடந்தது. அதன் அடுக்குகளும் மலைக்கு உள்பக்கமாகச் சாய்ந்திருந்தன; அப்படிச் சாய்ந்த பாறை கீழே வழுக்காது. அதில் விரலை வைத்தேன். அக்கா சிரித்துவிட்டாள்.

“அந்த மொட்ட மலையா? அங்க பறிக்க நிர குடுத்தா எங்களுக்கு மூஞ்சியே செத்துரும். நாள் பூரா பறிச்சாலும் கூடை நெறையாது. மண்வெட்டி போட்டா நங்குன்னு கல்லுல இடிக்கும்.”

எனக்கு அவளைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போலிருந்தது. கொழுந்து கொழித்த இடத்தில் ஆழமாகக் கிடந்தது சரிந்து வந்த மண். கொழுந்தே வராத இடத்தில் செடிக்குக் கீழே அசையாத பாறை. நானும் அக்காவும் ஒன்றைத்தான் சொல்லிக்கொண்டிருந்தோம்.

குழி தோண்டிப் பார்த்தோம். ஒரு முழ ஆழத்தில் பாறை தட்டியது. விளைச்சல் இல்லாத மலை என்பதால் தோட்ட நிர்வாகமும் முகம் சுளிக்காமல் கொடுத்தது. ஊற்றுத் தண்ணீரைக் குழாயில் கொண்டுவர ஏற்பாடாயிற்று.

அத்திவாரம் வெட்டிய அன்று கடப்பாரை கல்லில் மோதி மோதித் தெறித்தது. வேலையாள் கையை உதறிக்கொண்டு திட்டினார். அக்கா அவருக்குத் தேத்தண்ணி நீட்டினாள்.

“இடிக்கட்டும் தம்பி. மழ நாள்ல நான் நிம்மதியாத் தூங்கி எத்தன வருசமாச்சு.”