அப்பா அடித்த மணி

ஐரிஷ்காரர்களின் விழாவுக்கு மீன் ரோல்ஸ் பொரித்துக்கொண்டு போன ஒரே குடும்பம் உலகத்தில் நாங்களாகத்தான் இருப்போம். அதுவும் டென்மார்க்கில்.

எண்பதுகளின் நடுவில், எஸ்பியர்க் நகரத்திலிருந்து உள்ளே தள்ளி, காற்றையும் பன்றிப் பண்ணைகளையும் தவிர வேறொன்றும் இல்லாத ஒரு கிராமத்தில், இலங்கையிலிருந்து அகதிகளாக வந்த எங்களைக் கொண்டுபோய்க் குடியேற்றியிருந்தார்கள். எனக்கு எட்டு வயது. வெகுகாலத்துக்கு முன் அங்கே சதுப்பு நிலத்தை வெட்டிப் பயிர் நிலமாக்க அயர்லாந்திலிருந்து சில குடும்பங்கள் வந்து, அப்படியே தங்கிவிட்டனவாம். அவர்களின் வாரிசுகள் சில வருடங்களுக்கு ஒருமுறை கூடிக் கொண்டாடுவார்கள். பார்த்தால் மற்ற டெனிஷ்காரர்களைப் போலவேதான் இருந்தார்கள். ஐரிஷ் என்று சொல்ல மிஞ்சியிருந்தவை ஒரு சின்னக் கத்தோலிக்கக் கோயிலும் அதன் மணியும்தான். பிழைக்க வந்தவர்களுக்கும் விழா எடுப்பார்களா என்று எனக்கு ஒரே அதிசயம். எங்களுக்கு யாரும் எடுக்கிற மாதிரித் தெரியவில்லை.

ஆனால் அந்த வருடம் எங்களையும் அழைத்திருந்தார்கள். ஒவ்வொரு குடும்பத்திலிருந்தும் ஒருவர் தங்கள் முன்னோர் பேரில் கோயில் மணியை அடிப்பது அவர்களின் வழக்கம். ஊருக்குக் கடைசியாக வந்த குடும்பம் என்று அப்பாவையும் அடிக்கச் சொல்லியிருந்தார் சுவாமி. பாதிரியாரை நாங்கள் அப்படித்தான் சொல்வோம், டெனிஷ்காரராக இருந்தாலும்.

அம்மாவுக்கு மணியும் வேண்டாம், விழாவும் வேண்டாம். அவருக்கு வேண்டியது அண்ணா. சோதனை எழுதிவிட்டு வரட்டும் என்று அவனை மன்னாரில் சின்னம்மாவிடம் விட்டுவிட்டு வந்திருந்தோம். பிறகு சண்டை முற்றியது, கடிதமும் நின்றுபோனது. விழாவுக்கு வரும் ஒரு பெண் கொம்யூன் என்கிற உள்ளூராட்சி அலுவலகத்தில் வேலை செய்கிறார், அவரிடம் கேட்டால் அவனைக் கூப்பிட வழி செய்வார் என்று சுவாமி சொல்லியிருந்தார். அதைக் கேட்பதற்கென்றே அம்மா ஒரு டெனிஷ் வசனம் பாடமாக்கினார். "என் மகன் இலங்கையில் இருக்கிறான், அவன் இங்கே வர உதவி செய்யுங்கள்." சொல்லிக்கொடுத்தது நான். வாத்தியார் வேலை எனக்கு நன்றாகப் பிடித்துப்போய், உச்சரிப்புப் பிழைக்கெல்லாம் அம்மாவை ஏசினேன்.

எங்களிடம் டெலிபோன் இல்லை. ஊரிலிருந்து வரும் அழைப்பெல்லாம் சுவாமி வீட்டுக்குத்தான் வரும். விழாவுக்கு முதல்நாள் பின்னேரம் அவர் ஆளனுப்பி அப்பாவைக் கூப்பிட்டார். திரும்பி வந்த அப்பா, மணி அடிக்கிற விஷயமாகத்தான் கூப்பிட்டார் என்றார். அவருக்கு வைத்த தேத்தண்ணி அப்படியே ஆறிக் கிடந்தது. கடைசியில், "நாளைக்குப் போகாமல் விடுவமே?" என்று கேட்டார்.

"உங்களுக்கு விசரே?" என்றார் அம்மா, ரோல்ஸ் சுற்றிய கையை எடுக்காமல். "நாளைக்கு விட்டா அந்த மனிசியை நான் பிறகு எங்க பிடிக்கிறது?"

அப்பா எழுந்து, ஆறிய தேத்தண்ணியை ஊற்றப் போனார்.

மறுநாள் புல்வெளியில் நீள மேசைகள் போட்டிருந்தார்கள். அம்மா தன் தட்டை நடுவில் வைத்துவிட்டு, கைப்பைக்குள் அண்ணாவின் படம் இருக்கிறதா என்று திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டார். அந்தப் பெண் கோப்பி குடித்து முடிக்கட்டும் என்று காத்திருந்தார். மணி தொடங்கியது. ஒவ்வொரு குடும்பமும் கலகலவென்று அடிக்க, எல்லோரும் கைதட்டினார்கள். கடைசியில் அப்பா வந்தார். சுவாமி அவர் தோளில் கைவைத்து என்னவோ கேட்டார். அப்பா தலையாட்டிவிட்டுக் கயிற்றைப் பிடித்தார்.

ஒரு அடி. அதன் ஓசை முழுவதும் அடங்கும்வரை நின்றார். பிறகு இன்னொரு அடி. மறுபடியும் நின்றார்.

என் வகுப்புப் பையன் ஒருவன் சிரித்தான். எனக்கு மானம் போயிற்று. ஒரு மணியை ஒழுங்காக அடிக்கத் தெரியாத அப்பா! ஊரில் அப்படி அடிப்பது செத்தவர்களுக்கு என்று எனக்குத் தெரியாது. இளவயதில் எங்கள் ஊர்க் கோயிலில் மணி அடித்த கை அது. வேண்டுமென்றுதான் அடித்தாரா, கை தன்பாட்டில் அடித்ததா என்று கடைசிவரை அவரிடம் நான் கேட்கவில்லை.

அம்மா ரோல்ஸ் தட்டைத் துணியால் மூடினார். அப்பா கிட்ட வரும்வரை அசையாமல் நின்றார். யார் என்று கேட்கவில்லை.

"எப்ப?" என்றார்.

"நேற்றுத்தான் டெலிபோனில சொன்னவை. எனக்கு வாயில வரேல்லை."

நான் விழாவைப் பற்றி ஏதோ கதைக்கிறார்கள் என்று நினைத்தேன். அந்த நேரம் பார்த்து, கொம்யூன் பெண் கோப்பிக் கோப்பையோடு சிரித்துக்கொண்டு எங்களிடம் வந்தார். நான் அம்மாவின் முழங்கையில் இடித்தேன். அம்மா அண்ணாவின் படம் இருந்த கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். இன்னொரு முறை இடித்தேன். இவ்வளவு பாடுபட்டுச் சொல்லிக்கொடுத்தது மறந்துபோயிற்றே என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது. பொறுக்கமுடியாமல் நானே அந்த வசனத்தைச் சொன்னேன், ஒரு பிழை இல்லாமல். என் அண்ணா இலங்கையில் இருக்கிறான், அவன் இங்கே வர உதவி செய்யுங்கள். அவர் குனிந்து என் கன்னத்தைத் தொட்டு, கட்டாயம் செய்கிறேன் என்றார்.

அன்றைக்கு வீட்டுக்கு நடக்கும் வழியெல்லாம் எனக்குப் பெருமை தாளவில்லை. காற்று முகத்தில் அடித்தது. அப்பா முன்னே போனார். அம்மா என் கையை நோகும்படி பிடித்திருந்தார்.

"நான் கேட்டிட்டன் அம்மா, அவ ஓம் எண்டவ" என்றேன். அம்மா, "ஓம் பிள்ளை" என்றார். அண்ணா வந்தால் கட்டிலில் சுவர்ப்பக்கம் எனக்குத்தான், அவனுக்கு விடமாட்டேன் என்றேன்.

அம்மா அதற்கும் ஓம் என்றார்.